மீன் விற்ற மணிக்கூடு

தண்ணீரூற்றுச் சந்தியைத் தாண்டியிருந்தேன். பள்ளிக்கூடம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பாடத்துக்கு மணி அடிப்பது கேட்டது. எனக்கு ஒன்பது வயது. கால் போனது, நானும் கூடப் போனேன்.

கையில் புது மணிக்கூடு. கனடாவிலிருந்து வந்திருந்த மாமா கட்டிவிட்டது. நான் எங்கே நின்றாலும் அவருடைய போனில் நீலப் புள்ளியாகத் தெரிவேனாம். இடம்பெயர்ந்த காலத்தில் அப்பாவைச் சனத்துக்குள் தவறவிட்டு, பிறகு அவரைக் காணவே கிடைக்காதவர் அம்மா. அந்தப் புள்ளியைப் பார்த்து அழுதார். முன்பெல்லாம் நான் இப்படிச் சொல்லாமல் கிளம்பிவிட்டால் சந்திக்கடையில் தொடங்கித் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் விசாரிப்பார். புள்ளி வந்தபின் அந்தத் தேவை இல்லாமல் போனது.

எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"எங்கையடா வெளிக்கிட்டனி?"

"சும்மா."

"சும்மாவோ? அது நல்ல ஊர். ஏறு."

வியர்வையில் மணிக்கூட்டுப் பட்டி கடித்தது. கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினேன். வற்றாப்பளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என்னை இறக்கி, நானா என்று எல்லாரும் கூப்பிடும் கடைக்காரரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, அவர் வந்த வழியே மீன் விற்கத் திரும்பினார். மணிக்கூடும் போனது. நானா ஒரு வடையும் ஒரு கூடை வெங்காயமும் தந்து உரிக்கச் சொன்னார். உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று எனக்குப் பெருமை.

பள்ளிக்கூடத்தில் நான் இல்லை என்று தெரிந்ததும் மாமா போனை எடுத்திருக்கிறார். புள்ளி ஒரு வீட்டு வாசல் படலையில் சற்று நின்றது. பிறகு அடுத்த படலைக்குப் போனது.

"அக்கா, பொடியன் வீடு வீடாய்ப் போறான்."

"ஐயோ, பிச்சை எடுக்கிறானோ? நான் சோறு குடுக்கேல்லையோ அவனுக்கு!"

மாமாவின் வண்டியில் அம்மா ஏறினார். படலை படலையாகத் துரத்திக் கடைசியில் புள்ளியைப் பிடித்தபோது, அங்கே மீன்காரரும் ஒரு தராசும் மூன்று பூனைகளும் நின்றார்களாம். மணிக்கூடு இருந்தது, பிள்ளை இல்லை. அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"பதறாதேங்கோ அக்கா. நானாவிட்டை விட்டிருக்கிறன், நீங்கள் வருமட்டும் பிடிச்சு வைச்சிருப்பார். சந்திக்கடையிலையும் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான். நீங்கள் கேக்கேல்லையோ?" என்றாராம் மீன்காரர்.

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா போனைப் பார்த்தார்.

அவர்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது மாமாவின் வெள்ளைச் சப்பாத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

"அடியாதீங்க தங்கச்சி, நல்ல வேலைகாரன்" என்றார் நானா. "உரிச்சது நாலு வெங்காயம், திண்டது அஞ்சு வடை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். ஆறாவது வடையை அவர் சாப்பிட்டார்.

அன்று மாலை மீன்காரரும் அம்மாவும் எங்கள் படலையில் நின்று நெடுநேரம் கதைத்தார்கள். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, சனி ஞாயிறுகளில் மீன் கூவ ஓர் ஆள் தேவை என்றார். என் குரலின் புகழ் அவர்வரை எட்டிவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே வண்டியில் அவருக்கு முன்னால் ஏறி இருந்து "மீன்! மீன்!" என்று கத்தினேன். படலைக்கு வந்த பெண்கள் மீனைப் பார்க்குமுன் என்னைப் பார்த்து, "ஆரின்ரை பொடியன்?" என்று கேட்டார்கள். மீன்காரர் ஒவ்வொரு படலையிலும் வண்டியை நிறுத்தி, அம்மாவின் பெயரையும் எங்கள் வீடிருக்கும் இடத்தையும் சலிக்காமல் சொன்னார். பெட்டி நிறைய மீன் கிடக்க, இந்த மனிதர் ஏன் என்னைப் பற்றியே கதைத்து நேரத்தை வீணாக்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் பலமாகக் கத்தினேன்.