சேனைக்கு வரச் சொன்னாவ

கல்லூரியில் எங்கள் துறைக் கட்டடத்துக்கு முன்னால் பெரிய மரம் ஒன்று நின்றது. மாசி மாதத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செங்கல் நிறத்தில் பூத்துத் தள்ளும். அந்த நாட்களில் அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வைப்பார்கள். முதலாண்டில் பேராசிரியை அதன் லத்தீன் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, "தமிழ்ப் பெயர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து நின்று, "பீநாறி" என்றேன்.

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. பேராசிரியை சிரிக்கவில்லை. "சரியான பெயர். லத்தீனிலும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். நமக்குப் புரியாததால் நாகரிகமாகத் தெரிகிறது" என்றார்.

எனக்கு அன்று தலை நிமிர்ந்தது. நான் முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் வந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முறையாகப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். அண்ணன் எழுத்துக் கூட்டப் பழகியதோடு பம்பாய்க்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் மூக்கைச் சுளித்து, "உன்மேல என்னமோ வாசம் வருதே" என்றாள். "புகையிலை. எங்கம்மா பீடி சுத்துதா" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் இடம் மாறி உட்காரவில்லை.

நாறும் பூக்களின் மேல் எனக்கு ஆசை வந்தது அந்த வருடம்தான். ரோஜா வளர்ப்பவர்களுக்கு அதைப் பார்க்க வருகிறவர்களின் பாராட்டு உண்டு. நாறும் பூவை வளர்ப்பவருக்குத் திட்டுதான் கிடைக்கும். ஆனாலும் அந்தப் பூவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பிடித்துப்போயிற்று. அது நமக்காகப் பூக்கவில்லை. நம் தலையில் ஏறவும் சாமி கழுத்தில் விழவும் அதற்கு ஆசை இல்லை. செத்த இறைச்சியைத் தேடி அலையும் ஈயையும் வண்டையும் அது கூப்பிடுகிறது. கூப்பிட்டதற்கு அவை வருகின்றன. பாறைக்காட்டில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தியிடம் கேட்டு எருமைமுளையான் என்ற சதைப்பற்றுச் செடியை வாங்கி, உடைந்த சட்டியில் நட்டேன். கருஞ்சிவப்பில் பந்துபோலப் பூத்தது. அதன்மேல் ஈ ஒன்று முட்டையிடுவதைப் பார்த்தபோது, கை தட்ட வேண்டும்போல இருந்தது.

இரண்டாம் ஆண்டு முடிந்து கல்லூரி திறந்த ஆனி மாதத்தில், எங்கள் வீட்டுச் சேனைக்கிழங்கு பூக்கத் தொடங்கியது.

பொங்கலுக்கு வாங்கிய கிழங்கு அது. வெட்டாமல் அடுப்படி மூலையில் கிடந்தது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதன் நடுக்குழியிலிருந்து தடித்த முளை ஒன்று எழுந்தது. அம்மா குழம்புக்கு வெட்டப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். இலைமுளை கூராக இருக்கும். இது குண்டாக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. "எம்மா, இத தொடாத. இது பூ" என்று சொல்லிக் கிழங்கைத் தூக்கிப் பின்பக்கம் முருங்கைக்கடியில் வைத்தேன்.

மறுநாள் முதல் அது மணிக்கு மணி வளர்ந்ததுபோல இருந்தது. பெரிய சேம்பிலையைக் குவித்து மடக்கியதுபோல ஒரு மடல், அதன் நடுவே ஊதாவும் பழுப்புமாகச் சுருங்கிய ஒரு தலை. மூளையை வெளியே எடுத்து வைத்ததுபோல இருக்கும். ஒரு சாயங்காலம் மடல் விரிந்தது. கொஞ்ச நேரத்தில், நாலைந்து வீடுகள் சேர்ந்த எங்கள் வளவு முழுக்க ஆட்கள் குனிந்து குனிந்து செத்த எலியைத் தேடினார்கள்.

பக்கத்து வீட்டுச் சித்திதான் முதலில் கண்டுபிடித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முருங்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சேனை பூத்த வீட்டுல சாவு விழும்பாவ. நீங்க என்னடான்னா மரத்தடியில வச்சு அழகு பாக்கிய. வீட்டுல எட்டு மாசப் பிள்ளத்தாச்சி இருக்காள்ளா?"

மதினியைச் சொன்னாள். அண்ணன் மனைவி. அவளுக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவமும் எங்கள் வீட்டில்தான். மதினி வாசற்படியில் உட்கார்ந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். சித்தி சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அம்மா வெட்டரிவாளை எடுத்தாள்.

"எம்மா, அது ஈயக் கூப்பிடுது. எமனக் கூப்பிடல" என்று குறுக்கே நின்றேன்.

"ஏட்டி, வழிய விடு. இவளுக்குச் சேனை வச்சவளச் சொல்லணும்" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சீனித்தண்ணீரையோ கருப்பட்டித் தண்ணீரையோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். அதற்குப் பெயரும் சேனைதான். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எனக்கு வைத்தது அப்பாவின் தங்கை. நான் பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் அம்மாவிடம் திட்டு வாங்குவது சேரன்மகாதேவியில் இருக்கும் அந்த அத்தைதான்.

அப்பா ஆலையிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஒன் படிப்புல என்ன போட்டிருக்கு?" என்றார். அதுவரை அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

சொன்னேன். பெண்பூ அடியில் இருக்கிறது, ஆண்பூ மேலே இருக்கிறது, நாற்றத்துக்கு வரும் வண்டு வேறொரு சேனைப்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் காய்க்கும் என்றேன்.

"அப்ப காய்க்கும்னு சொல்லுத?"

"காய்க்கும்."

"காய்க்கட்டும். காய்க்கலன்னா, இனிமே இந்த வீட்டு விசயத்துல ஒன் படிப்பு வரப்பிடாது."

அரிவாள் உள்ளே போயிற்று. நான் முருங்கைக்கடியில் நின்றேன். சொன்னது பெரிய சொல் என்று அப்போதுதான் உறைத்தது. சேனையில் மடல் விரிந்ததும் பெண்பூ தயாராகி ஒரு நாள் தாங்கும். அதே பூவின் மகரந்தம் அதற்குப் பிறகுதான் உதிரும். அதற்குள் பெண்பூவின் காலம் முடிந்துவிடும். எங்கள் வளவில் வேறு சேனை கிடையாது. வகுப்பில் யாரும் சேனைப்பழத்தைப் பார்த்ததில்லை, பேராசிரியையும் படத்தில்தான் பார்த்திருந்தார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அது என் தலையில்தான் விடியும். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கல்லூரிக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அத்தை சேரன்மகாதேவி பஸ் நிலையத்தில் பூ கட்டி விற்பாள். அங்கே வாய்க்கால் ஓரம் சேனை போடுவார்கள். அந்த வழி போகும் கண்டக்டர் எங்களுக்குப் பழக்கம்.

"அண்ணாச்சி, எங்க அத்தைட்ட சொல்லணும். எங்க வீட்ல சேனை பூத்திருக்கு. அங்கன எங்கயாவது பூத்திருக்கான்னு பாத்துட்டு உடனே வரச் சொல்லுங்க."

"சேனை, பூ, உடனே. சொல்லிருதேன்" என்று விசில் அடித்தார்.

உச்சிக்கு முன்னாலேயே அத்தை வந்துவிட்டாள். தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. "எம்மா, எட்டு மாசத்துலயேவா! பிள்ள எப்படி இருக்கு?" கையில் ஒரு பந்து மல்லிகை, பொட்டலத்தில் சீனி. தொட்டு வைப்பதற்காக மோதிரத்தைக்கூட விரலிலிருந்து கழற்றி வைத்திருந்தாள். வாசலில் மதினி முழு வயிற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏளா, வயிறு அப்படியே இருக்கு! பின்ன யாரு பெத்தா?"

அம்மா பீடித்தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன் மருமவதான் பெத்திருக்கா. பின்னால போய்ப் பாரு" என்றாள்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வயிற்றில் அவள் கண் நின்றது. மதினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

கண்டக்டர் பஸ் நகரும்போது, "ஒங்க அண்ணன் வீட்ல சேனைக்கு உடனே வரச் சொன்னாவ! பூ!" என்று கத்தியிருக்கிறார். அத்தைக்கு வேறு எந்தச் சேனை ஞாபகம் வரும்? யாவாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். முருங்கைக்கடியில் கிழங்கைப் பார்த்ததும் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த நாத்தம் நேத்தே எங்க வாய்க்காக் கரையில அடிச்சுதே. நாய் செத்துக் கெடக்குன்னுல்லா நெனச்சேன்."

"நேத்தேவா அத்தை?"

"நேத்து காலையிலயே."

எனக்கு வேண்டியது அதுதான். எங்கள் பூவைவிட மூத்த பூ. அதில் இன்று மகரந்தம் இருக்கும். அம்மாவின் தட்டிலிருந்து பீடி இலைகளை உருவிக்கொண்டேன். "இலைக் கணக்குல இடிக்கும்டீ" என்று அம்மா கத்தினாள். அத்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாய்க்கால் கரையில் வயல்காரர் மண்வெட்டியோடு நின்றார். பூவை வெட்டுவதற்குத்தான் வந்திருந்தார். "பூக்க விட்டா கிழங்கு சூம்பிப் போவும் தாயி. நேத்தே வெட்டிருப்பேன், கிட்டப் போவ முடியல."

"தூளு மட்டும் போதும் அண்ணாச்சி."

"தூளு என்ன, பூராத்தையும் கொண்டுபோ. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மஞ்சள் தூள் நூல் நூலாக உதிர்ந்து மடலுக்குள் கிடந்தது. அதைப் பீடி இலையில் வழித்து, அம்மா மடிப்பதுபோலவே மடித்து, அத்தையின் வாழைநாரால் கட்டினேன். கையெல்லாம் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. திரும்பும்போது அதே கண்டக்டர். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஆட்கள் ஒருவர் காலடியில் ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கருவாட்டுக் கூடை யாரு வச்சிருக்கா? மேல ஏத்துங்க" என்றார் கண்டக்டர்.

"கருவாடு இல்ல வே. காலையில நீரு கத்தினீரே, அந்தச் சேனை" என்றாள் அத்தை.

"அப்படியா? பிள்ள சொகமா?"

அத்தை அவரைப் பேசிய பேச்சில் பஸ்ஸே நாற்றத்தை மறந்தது.

வெயில் தாழும் நேரத்தில் மடலின் அடியில் பிளேடால் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டினேன். உள்ளே பெண்பூக்கள் நெருக்கமாக, ஊதாத் தண்டில் மஞ்சள் முனையோடு நின்றன. நசுக்கிய வாழைநாரில் தூளைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தடவினேன். ஈக்கள் என் முகத்தில் மோதின. அத்தை கொண்டு வந்த மல்லிகையை மதினி தலையில் வைத்திருந்தாள். பின்கதவு வரை வந்து, மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

"காய் பிடிச்சா நல்லதா?"

"அதுல நல்லது கெட்டது கெடையாது மதினி. காய் பிடிச்சா காய், அவ்வளவுதான்."

"பிடிக்கலன்னா?"

நான் திரும்பிப் பார்க்காமல் தடவிக்கொண்டே இருந்தேன்.

சில நாளில் மடல் அழுகி விழுந்தது. தலை சுருண்டு கறுத்தது. நாற்றம் நின்றதும் வளவு அதை மறந்துவிட்டது. நான் தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே முருங்கைக்குத்தான் போனேன். மொட்டைத் தண்டு ஒன்று நின்றது, அவ்வளவுதான். சித்தி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "காய் பறிச்சாச்சா?" என்பாள். "ஒங்களுக்குப் பங்கு உண்டு சித்தி" என்பேன். சொல்லிவிட்டு மறுபடியும் தண்டைத் தடவிப் பார்ப்பேன்.

ஆடி பாதியில் ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே, "ஒன் பிள்ளைக்குப் பல்லு முளைக்கி" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்டைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகக் காய்கள், தடவிய இடமெல்லாம். அப்பா வந்து குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். ஒன்றை விரலால் மெதுவாக அழுத்தினார். எழுந்து போய்க் கை கழுவினார்.

ஆடிக் கடைசியில் மதினிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அத்தைக்கு அதே கண்டக்டரிடம் அப்பா சொல்லி விட்டார்: "சேனைக்கு வரச் சொல்லும்."

அம்மா சீனியைக் கரைத்துக் காத்திருந்தாள். நர்ஸ் வந்து டம்ளரைப் பார்த்துச் சத்தம் போட்டார். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா, "இவிய சொல்லுதாவன்னு பிள்ளைக்குச் சேனை வைக்காம விடவா?" என்று மறுபடி டம்ளரை எடுத்தாள்.

அப்பா அவள் கையைப் பிடித்தார். என்னிடம் திரும்பினார்.

"ஒன் படிப்புல என்ன போட்டிருக்கு?"

"நர்ஸ் சொன்னதுதான்ப்பா. பால் மட்டும்தான்."

"அப்ப அதான்" என்று டம்ளரை வாங்கி, சீனித்தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

"பின்ன பிள்ளைக்குக் குணம் எங்கேருந்து வரும்?" என்று அம்மா புலம்பிக்கொண்டிருக்கும்போதே வார்டில் ஒரு நாற்றம் பரவியது. ஆயாம்மா கட்டிலுக்கு அடியில் எலியைத் தேடினாள். வாசலில் அத்தை நின்றாள், தலையில் ஒரு சாக்கு.

"ஏட்டி, சேனைக்கு வரச் சொன்னேல்லா? வீட்டுக்குப் போனா பூட்டிக் கெடக்கு, எல்லாரும் இங்கன இருக்கியன்னு பக்கத்து வீட்ல சொன்னாவ. இந்த மட்டம் தூளு இல்ல, பூவோட கிழங்கே கொண்டாந்துட்டேன்" என்றவள், மதினி பக்கத்தில் துணிப் பொதிக்குள் குழந்தையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

நர்ஸ் வருவதற்குள் சாக்கை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பின்னால் மதினி அம்மாவிடம் சொல்லும் குரல், பலவீனமாக, ஆனால் தெளிவாக வந்தது: "குணத்துக்குக் கவலப்படாதீங்க அத்தை. வயித்துக்குள்ள இருக்கும்போதே எல்லாத்தையும் மோந்துட்டுல்லா வந்திருக்கா."

ஆஸ்பத்திரிச் சுவரோரம், வேப்பமரத்துக்கு அப்பால், சாக்கைப் பிரித்தேன். அன்று விரிந்த பூ. பெண்பூ இன்னும் சாயங்காலம் வரை தாங்கும். இதற்கு ஒரு நாள் மூத்த பூவை இனி எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டே ஈக்களை விரட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.