சட்டையைப் பிடிக்க ஆளில்லாத குகை

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் கோவில்தான். சுசீந்திரம், திருச்செந்தூர், குருவாயூர், வைக்கம். ஒருமுறை கன்னியாகுமரிக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போனோம். நான் பகவதியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் சூரியன் போய்விட்டது. நான் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஆணியும் கீலும் விற்கிறவனுக்குப் புண்ணியம் வேறு எந்த வழியில் வரும்? ஒவ்வொரு கோவிலிலிருந்தும் வெளியே வந்து, நெற்றிச் சந்தனம் காய்வதற்குள், என் மனைவியிடம் "நல்ல தரிசனம்" என்று சொல்லுவேன். அவள் பதில் சொன்னதே இல்லை. பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அடுத்த கோவிலுக்கு நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, ஒரே ஒரு தடவை சாமி இல்லாத இடம் எதற்காவது கூட்டிப் போகச் சொன்னாள். அங்கேயும் போய் ஒரு கோவிலைக் கண்டுபிடித்தால் இனிமேல் என்னோடு வாசல் தாண்டமாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கத்தினால் நான் பேப்பர் படிப்பேன். மெதுவாகச் சொன்னால்தான் பேப்பரை மடித்து வைப்பேன்.

இவள் நாத்திகம் பேச ஆரம்பித்துவிட்டாளோ என்று எனக்குப் பயம். அவளிடமே கேட்டிருக்கலாம், அது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. போனில் தேடினேன். கடற்கரைக்குப் போனால் வழியில் கோவில், அணைக்கட்டுக்குப் போனால் கரையில் கோவில். கடைசியில் வித்துரா மலைப்பக்கம் ஆதிமனிதர்கள் தங்கியிருந்த பாறைக் குகையைக் காட்டும் பாரம்பரியச் சுற்றுலா ஒன்று அகப்பட்டது. சாமிகளுக்கெல்லாம் முந்திய இடம்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன். எல்லாரும் ஷூவும் தொப்பியுமாக வந்திருந்தார்கள். நான் வேட்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும். வழிகாட்டி, சரித்திரம் படித்த ஒரு சின்னப் பெண், மைக் இல்லாமலே வேன் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். நெடுமங்காடு தாண்டுவதற்குள் எத்தனை கோவில்! ஒவ்வொன்றுக்கும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் அதைத் தாடை சொறிவதாக மாற்றிக்கொண்டு, கொசு கடிக்கிறது என்றேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரப்பர் தோட்டம் வழியாக மூச்சு வாங்க ஏறினோம். ஒரு பெரிய பாறை இன்னொன்றின்மேல் சாய்ந்து கிடந்தது. அடியில் ஆள் குனிந்து நுழையும் இடைவெளி. குனிந்தேன். உள்ளேயிருந்து சில்லென்று காற்று, கூடவே வௌவால் நாற்றம். வாழ்நாள் முழுக்க எந்தப் பிராகாரத்தில் நுழைந்தாலும் என் மூக்கில் ஏறிய அதே குளிர்ச்சி, அதே நாற்றம். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் உடம்புதான் பொறுப்பு. செருப்பு கழன்றது. விரல்கள் பொத்தானை அவிழ்த்தன. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை சட்டையோடு சந்நிதிக்குப் போக முடியுமா? வெற்று மார்பும் தொந்தியுமாக உள்ளே போய், வலது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஓய்வுபெற்ற பாங்க் ஆபீசர், நான் விவரம் தெரிந்துதான் செய்கிறேன் என்று நம்பி, ஷூவைக் கழற்றிவிட்டுச் சட்டையில் கை வைத்திருந்தார்.

"அங்கிளே, இது அம்பலம் அல்ல" என்றாள் வழிகாட்டிப் பெண். கோவில் இல்லை என்று எனக்கு இவ்வளவு பணிவாக யாரும் சொன்னதில்லை. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், இங்கே குடியிருந்தவர்களும் ஏறக்குறைய இந்தக் கோலத்தில்தான் இருந்திருப்பார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாள். இரண்டு பேர் என்னைப் படம் எடுத்தார்கள். ஆதிமனிதனுக்குத் தொந்தி இருந்திருக்காது என்றார் பாங்க் ஆபீசர், தன் பொத்தான்களைத் திரும்பப் போட்டபடி.

மானம் போனது போகட்டும். அவள் கேட்டிருந்த ஒரே ஓர் இடத்தையும் கோவிலாக்கிவிட்டேனே!

இத்தனைக்கும் நடுவில் என் இடது கை, சட்டையைப் பிடித்தபடி பின்னால் நீண்டே இருந்தது. கோவில் வாசல்களில் நீளுகிற கை அது. சாமான் வைக்கிற கவுண்டரில் வரிசை நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. திரும்பிப் பார்க்காமலே நீட்டுவேன். சட்டை, செருப்பு, போன், கார்ச் சாவி எல்லாம் வாங்கப்பட்டுவிடும். இன்று யாரும் வாங்கவில்லை. கை கடுத்தது. திரும்பினால் பாங்க் ஆபீசர்தான் நின்றார்.

அவள் எனக்கு முன்பே உள்ளே போயிருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. டார்ச் வெளிச்சம் விழுந்த பாறைச் சுவரில் யாரோ எப்போதோ கீறிய கோடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், சாமி மேல் ஏதும் கோபமா என்று கேட்டேன். வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு?

"சாமிகிட்ட எனக்கென்ன கோவம்? அவர நான் எங்க பாத்தேன்?" என்றாள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க சட்டையும் செருப்பும் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிப்பேன். நீங்க வாரதுக்குள்ள நடை சாத்திருவான். வந்து, நல்ல தரிசனம்னு சொல்லுவிய."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சுசீந்திரம், திருச்செந்தூர், குருவாயூர் என்று ஒவ்வொரு வாசலாக நினைவுக்கு வந்தது. எல்லா வாசலிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் வந்தது, குடை வந்தது. வாங்கிக்கொண்டேன். எதைக் கொண்டு கீறினார்கள், அடுப்பை எங்கே மூட்டியிருப்பார்கள், பிள்ளைகளை எங்கே கிடத்தியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே அவள் வழிகாட்டிப் பெண்ணோடு இன்னும் உள்ளே போனாள். நான் குகை வாசலுக்குத் திரும்பி வந்து, சட்டை போடக் கை ஒழியாமல், வெற்றுடம்போடு நின்றேன். இப்போது நிஜமாகவே கொசு கடித்தது.

மற்றவர்கள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் வந்தாள். புடவை முழங்காலில் மண். கைப்பையை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல தரிசனம்" என்றாள்.