புளூட்டோவாக ஒரு சுற்று

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, என் பதவியை உலக விஞ்ஞானிகள் கூட்டம் போட்டுப் பறித்தார்கள். செம்பட்டியில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

பள்ளி ஆண்டுவிழாவில் சூரியக் குடும்ப நடனம். வகுப்பிலேயே குள்ளன் என்பதால் எனக்குப் புளூட்டோ வேடம். பூக்கடை வைத்திருந்த மாமா, சரம் வாங்க வந்தவர்களையெல்லாம் விழாவுக்கு அழைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, புளூட்டோ கிரகமே இல்லை என்று செய்தி வந்தது. அறிவியல் டீச்சர் என்னைத் திரை இழுக்கச் சொல்லிவிட்டார்.

மாமா நேராகப் பள்ளிக்கே வந்தார். "கோயில்ல ஒம்பது கிரகத்தச் சுத்துறோம். ஒன்ன எப்படிக் கொறைப்பாய்ங்க?"

"அந்த ஒம்பதுல சூரியன், சந்திரனெல்லாம் இருக்கு. பூமி இருக்காண்ணே?" என்றார் டீச்சர்.

மாமா விரல்விட்டு எண்ணினார். முகம் வெளிறியது. "அப்ப நாம எதுலம்மா நிக்கிறோம்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். அந்தக் காலத்தில் வானத்தில் இடம் மாறுவதெல்லாம் கிரகம். பிறகு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கண்ட சீரிஸ் என்ற ஒன்றையும் சேர்த்தார்கள்; அதைப்போல நிறைய அகப்படவும் நீக்கினார்கள். இப்போது புது விதி: சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் வேறெதையும் நிற்க விடக் கூடாது. மாமா விடாமல் கெஞ்சியதில், நான் கடைசியாகக் குறுங்கோள், அதாவது குள்ளக் கிரகம், என்ற பெயரில் வரலாம் என்று முடிவானது.

குறுங்கோளாவது! சுற்றத் தெரியும், உருண்டைக்கு என் தொப்பையே சாட்சி. பாதையைத் துப்புரவாக்குவது மட்டும்தான் பாக்கி. மேடை ஏறியதும் அதைத் தொடங்கினேன். வெள்ளித்தாள் சுற்றி விண்கற்களாக நின்ற ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் சரிந்து அழுதன. அடுத்து நெப்டியூன். மாமாவின் மகள்தான், என்னைவிட ஒரு தலை உயரம். முழு பலத்தோடு மோதினேன். அவள் அசையவில்லை, நான்தான் மேடை விளிம்பில் தள்ளாடினேன்.

"ஏலே, விழுந்து தொலையாத. கூட வா," என்று பல்லைக் கடித்தபடி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொள்ள, அப்படியே சுற்றி முடித்தோம். கூட்டம் கைதட்டியது, மாமா விசிலடித்தார்.

எல்லோரையும் விலக்கிக் கிரகமாகிவிட்டேன் என்று வீடு வரை பீற்றிக்கொண்டு வந்தேன். மாமா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். அவர் மகள் மட்டும் சிவந்துபோன தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள். அது ஏன் சிவந்தது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.