சகாயராஜின் முதல் கேள்வி

உள்ளங்கையை லுங்கியில் துடைத்துவிட்டு, இன்ஜினின் தலைமேல் வைத்துப் பார்ப்பார் மெக்கானிக் சகாயராஜ். சூடாக இருந்தால் அவ்வளவுதான், கையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "காலைல ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லிக்கினு, வண்டிய சுட வெச்சு இட்டாந்தா நான் இன்னாத்த பாக்கறது?"

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டோரத் தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் நிற்கும் பழைய லாரிகளே விலாசம். வேலை நடக்கும்போது ரேடியோ கூடாது. ஆனால் அவர் மட்டும் மாதா கோயில் பாட்டு ஒன்றை, ராகத்துக்குச் சம்பந்தமில்லாமல் முனகுவார். முனகல் நின்றால் பழுது அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

அன்று பாண்டுரங்கனின் லாரி டிராக்டரில் கட்டி இழுத்து வரப்பட்டது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றியே கிழடு தட்டிய வண்டி. சகாயராஜ் கை வைத்தார். முகம் மலர்ந்தது. "பேஷ். ஜில்லுனு கீது."

"டீசல் பம்பு போயிடுச்சுண்ணா. விழுப்புரத்துல ஒரு மெக்கானிக்கு சொல்லிட்டாரு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு பேசி முடிச்சிட்டேன். சாயங்காலம் ஆள் வர்றான்."

"அப்புறம் இங்க எதுக்குய்யா இட்டாந்த?"

பாண்டுரங்கன் கேபினைக் கைகாட்டினார். உள்ளே அவர் மனைவி அருணா, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். "நீங்க பாத்து, செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் எறங்குவாளாம்."

சகாயராஜ் ஸ்பேனரைத் தொடவில்லை. அவர் எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான். "எப்பத்துலேர்ந்து?"

"மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுண்ணா, காலைல செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியும்..."

"அத்தக் கேக்கல. எப்பத்துலேர்ந்து?"

"ஆயுத பூஜைக்கு அப்புறம்."

"டீசல் போட்டா எப்படிப் போவுது?"

"போட்ட கையோட ஜோரா போவும். வானூர் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும். டீசல்ல கலப்படம்ணா."

"மூடியத் தொறந்து போட்டதும் நல்ல டீசலு, வானூர் தாண்டினா கலப்படமா? ஒரே டேங்க்லயா?" கேபினுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகுதான் ஸ்பேனர். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். டீசல் பீய்ச்சவில்லை, நுரை எச்சில் போலத் துப்பியது. குழாயில் காற்று. இணைப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார், எதுவும் தளரவில்லை. முனகிக்கொண்டே, விரலால் குழாயைத் தடவியபடி பின்னோக்கி நடந்தார். டேங்க் வந்ததும் பாட்டு நின்றது.

மூடி முழுக்கச் சந்தனம். மேலே குங்குமம். அதன்மேல் மறுபடி சந்தனம். சுவர்ப்பூச்சு போல இறுகியிருந்தது. மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டது டேங்க்.

"பம்பு நல்லாத்தான்யா கீது. மூடி நடுவுல ஊசி மொனை அளவு ஓட்டை இருக்கும். டீசல் கொறையக் கொறைய அது வழியா காத்து உள்ள போவணும். அத்த அடைச்சிட்டா டேங்க்கு டீசல உடாது, புடிச்சி இழுத்து வெச்சிக்கும். ராத்திரில குழாய்ல கீறதையும் திரும்ப உறிஞ்சிடும். காலைல எப்படி ஸ்டார்ட் ஆவும்?"

அருணா கீழே குதித்தார். "ஐயோ, நான்தாண்ணா வெச்சேன்! ஆயுத பூஜைல ஆரம்பிச்சி ஒரு வெள்ளிக்கெழம உடல."

"எனக்கு ஒரு நாளாவது இவ்ளோ சந்தனம் வெச்சிருப்பியாடி?" என்றார் பாண்டுரங்கன்.

"நீ மேட்டுல மூட்ட இழுப்பியா?"

சகாயராஜ் பொட்டைச் சுரண்டவில்லை. மூடியை அருணாவிடம் நீட்டினார். "நீ வெச்சதும்மா. நீயே எடு." அருணா பூச்சைச் சுரண்டித் துடைத்து, புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையில் குத்தினார். வெளிச்சம் தெரிந்தது.

நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பு அடித்துத் திருகை இறுக்கினார் சகாயராஜ். பட்டறையிலிருந்த வேறு பேட்டரியை இணைத்ததும் பாண்டுரங்கன் செல்ஃப் அடித்தார். வண்டி வெள்ளைப் புகையாக ஒரு தும்மல் போட்டு, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலிலேயே பாண்டுரங்கன் பழைய இரும்புக்காரனிடம் போனில் கத்தினார்: "வராதப்பா! வண்டி குடுக்கறதா இல்ல! கேக்குதா? அதான் வண்டி!"

அருணா மட்டும் துடைத்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபினில் இருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். சகாயராஜைப் பார்த்தார். தயங்கினார்.

சகாயராஜ் மூடியை வாங்கி டேங்க்கில் திருகினார். ஓட்டையின் மேல் சுண்டுவிரலை வைத்து மூடிக்கொண்டு, "இப்ப வையிம்மா" என்றார். அருணா ஓரமாகப் பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு முடிக்கும்வரை அந்த விரலை எடுக்கவே இல்லை.