ஆத்துல தண்ணி எவ்வளவு?

வருஷத்துல பத்து மாசம் தண்ணியே இல்லாத ஆத்துல தண்ணி அளக்கறதுதான் என் வேலை. ஆம்பூர் பக்கம் பாலாத்துல போய்ச் சேர்ற சின்ன ஆறு அது. தரைப்பாலத்தோரம் நட்டிருக்கிற அளவுகோலைத் தினமும் காலையில பார்த்து நோட்டுல எழுதணும். அறுபது சென்டிமீட்டர் தாண்டினா பாலத்துக்குக் குறுக்கே சங்கிலி போடணும். மேலதிகாரிக்கும் சனத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு என் பாடு புரியும்.

பூஜ்ஜியம்

ஆபீசுக்குப் புதுசா வந்த இன்ஜினியர் போன் பண்ணார். மாசம் பூரா பூஜ்ஜியம்னே எழுதியிருக்கீங்களே, நேர்ல போய்ப் பார்த்தீங்களான்னு கேட்டார். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. உடனே அளவுகோலை போட்டோ எடுத்து அனுப்பினேன். யாரோ அதுல ஆட்டைக் கட்டியிருந்தாங்க. பதில் வந்துச்சு: "ஆடு நல்லா தெரியுது. அதை நகர்த்திட்டு இன்னொண்ணு அனுப்புங்க."

பழைய போட்டோ

ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுங்க இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகணும். மழைக்காலத்துல சங்கிலி போட்டா, அளவுகோலை போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்புவாங்க. லேட்டானாலும் விட்டுடுவார். நம்ம கோலுக்கு இவ்ளோ மரியாதையான்னு எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் அந்த சூப்பர்வைசரே எனக்கு போன் பண்ணி, "மேடம், ஆத்துல எழுபதா?"ன்னார். நான் காஞ்ச மணல்ல நிக்கிறேன். பூஜ்ஜியம்னு உண்மையைச் சொல்லிட்டேன். தையல் பிரிவு ஸ்டெல்லா போன மாசத்து போட்டோவை அனுப்பியிருக்கா. குட்டு வெளிப்பட்டதும், இன்னொரு தடவை லேட்டானா வேலைக்கே வராதேன்னு சூப்பர்வைசர் அவகிட்டச் சொல்லிட்டாராம். சாயங்காலம் என் எதிர்ல வந்து நின்னா. ஏன்டி இப்படிப் பண்ணேன்னேன். "பையனுக்கு ஜுரம்னா நம்ப மாட்டாங்க, ஆத்துல தண்ணின்னா நம்புவாங்கக்கா."

சங்கிலி

ரெண்டு வாரம் கழிச்சு ஆலங்காயம் மலைப்பக்கம் நல்ல மழை. எங்க ஊர்ல பளிச்சுனு வெயில், ஆத்துல மட்டும் எழுபத்தஞ்சு. சங்கிலியைப் போட்டேன். ஸ்டெல்லா ஓடி வந்து அதைத் தாண்டக் காலைத் தூக்கினா. கையைப் பிடிச்சு இழுத்தேன். போட்டோ அனுப்புடின்னேன். இனிமே என் போட்டோவை யாரு நம்புவாங்கக்கான்னு அழுதா. தண்ணி பாலத்து மேல ஓடுது, இவ வேலை போயிடும்னு அதுல இறங்கப் பார்க்கறா.

நானே சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். இங்க வெயில் காயுதேன்னார். எழுபத்தஞ்சு சார், நான் பக்கத்துலதான் நிக்கிறேன்னேன். "அன்னிக்குப் பூஜ்ஜியம்னு சொன்னதும் நீங்கதானே? அப்ப சரி. தண்ணி வடிஞ்சதும் வரச் சொல்லுங்க"ன்னார்.

ஸ்டெல்லா கரையிலயே உக்காந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "அக்கா, பையனுக்கு ஜுரம் வந்தாலும் நீங்களே போன் பண்ணிடுங்க."

இப்ப என் நோட்டுல முன்பக்கம் ஆத்துத் தண்ணி, கடைசிப் பக்கம் ஸ்டெல்லா பையனோட ஜுரம், ரெண்டையுமே நேர்ல போய்ப் பார்த்துத்தான் எழுதறேன்.