புளி மூட்டையில் வந்த செட்டியார்

ரயிலில் புளிக்குக் கடைசி வகுப்புக் கட்டணம். ஆனால் ஒரே ரசீதில் இரண்டு வகைச் சரக்கு வந்தால், எது உயர்ந்த வகுப்போ அதன் கட்டணமே மொத்த எடைக்கும் விழும். எங்கள் பத்து மூட்டைக்குப் பொருந்தியிருக்க வேண்டியது முதல் விதி. பொருந்தியது இரண்டாவது. காரணம் நான். அப்போது எனக்கு வயது பத்து.

பின்னாளில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்தி, மானியத்துக்கு மனு எழுதியே தலை நரைத்தவள் என்பதால் விதிகளை இன்று பிழையில்லாமல் சொல்கிறேன். அன்று நான் அறிந்த விதி ஒன்றுதான்: செட்டியார் பொம்மை இல்லாத கொலு கொலுவே அல்ல.

அம்மாவின் தம்பி, என் மாமா, பவானிபூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். கல்கத்தாவில் கடுகெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பழம்புளிக்கும் குண்டு மிளகாய்க்கும் ஏங்கிக் கிடந்தார்கள். அந்த ஏக்கத்தை நம்பி முதல் போட்டவர் அப்பா. டல்ஹௌசி சதுக்கத்தில் உத்தியோகம் பார்த்த அவருக்குக் கடை என்றாலே கொஞ்சம் கூச்சம். நவராத்திரியில் வரும் எங்கள் சரஸ்வதி பூஜைக்குள் லாபம் காட்டாவிட்டால், கடையை மூடிவிட்டுத் தம் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர வேண்டும் என்று மாமாவிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் பதினைந்து அணா மண்டிக்கும் ரயிலுக்கும் கூலிக்கும் வாடகைக்கும் எலிக்கும் போகும் என்பது மாமாவின் கணக்கு. எலிக்கும் பங்கு எழுதிய வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மிச்சம் ஒரு அணா. புளி வழியிலேயே காய்ந்து எடை குறையும். கூடவே அந்த அணாவும் இளைக்கும்.

கும்பகோணத்தில் சரக்கைக் கட்டி ரயிலேற்றியவர் என் பெரியப்பா. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். நவராத்திரிச் சரக்கு கிளம்பும் முன் அவருக்கு ரகசியமாக ஒரு கார்டு போட்டேன். செட்டியார் பொம்மை ஒன்றைப் புளிக்குள் வைத்து அனுப்பவும்; புளி மெத்தை மாதிரி இருப்பதால் உடையாது.

சரக்கு எடுக்க ஹவுராவுக்குப் போன மாமாவோடு தொற்றிக்கொண்டேன். சரக்குக் கொட்டகை பாபு ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செருகிப் பார்த்தார். மூன்றாவது மூட்டையில் ‘டொக்’ என்றது.

“புளியங்கொட்டை, பாபு,” என்றார் மாமா, நிஜமாகவே அப்படி நம்பி.

பாபு இன்னொரு தரம் குத்தினார். “உங்க ஊர்ல கொட்டை இவ்வளவு பெரிசா, மோஷாய்?” என்று இந்தியும் வங்காளியும் கலந்து கேட்டுவிட்டு மூட்டையைப் பிரித்தார். தொந்தியில் ஓட்டையோடு, சிரித்த முகம் மாறாமல், செட்டியார் வெளியே வந்தார்.

மண்பொம்மை உயர்ந்த வகுப்பு. ஆகவே பத்து மூட்டைப் புளியும் உயர்ந்த வகுப்பு. சரக்கு விவரத்தைத் தவறாக எழுதியதற்கு அபராதம் வேறு. ஒரு அணா போய், முதலிலும் கை வைத்தாயிற்று. பாலம் தாண்டும்வரை மாமா ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு, “நல்ல வேளை, தலையிலே குத்தலை,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மறுநாளே பள்ளிக்கூட இங்கிலீஷில் ரயில்வேக்கு மனு எழுதினேன். பொம்மை என்னுடையது, மாமாவுக்குத் தெரியாது, பொம்மைக்குப் பொம்மைக் கட்டணமும் புளிக்குப் புளிக் கட்டணமும் வாங்கிக்கொள்ளவும். முறைப்படி மனு சரக்கு பெற்றவர் பெயரில் போக வேண்டும். அசல் ரசீதை இணைக்க வேண்டும். நான் இணைத்தது இரண்டு எழுத்துப் பிழைகளை.

கடையில் மற்ற மூட்டைகளைப் பிரித்தபோதுதான் விஷயம் முழுசாக வெளிவந்தது. ஒன்றில் நார்த்தங்காய், ஒன்றில் மணத்தக்காளி வற்றல், ஒன்றில் பஞ்சாங்கமும் இரண்டு வேஷ்டியும். எங்கள் ஊர்க்காரர் வீடுகளிலிருந்தெல்லாம் பெரியப்பாவுக்குக் கார்டு போயிருக்கிறது. ஒரு சின்னப் பொட்டலம்தானே என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. மாமாவுக்குத் தெரிந்துதான் கேட்கிறார்கள் என்று பெரியப்பா நினைத்தார்.

மாமா வீசைக்கு அரை அணா விலையை ஏற்றினார். அடுத்த தெரு மாமி, பேரத்தில் மீன் சந்தைக்காரர்களையே அழவைத்தவள், முதலில் வந்தாள்.

“அரை அணா ஏத்திட்டியே, அம்பி! இது புளியா, பவுனா?”

மாமா மணத்தக்காளிப் பொட்டலத்தை எடுத்துத் தராசின் தட்டில் வைத்தார். மேல் துணியில் மாமியின் வீட்டு விலாசம் இருந்தது. மாமி பொட்டலத்தைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்.

“ரெண்டு வீசையாவே போடு,” என்றாள்.

அந்த வாரம் யாரும் பேரம் பேசவில்லை. சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அப்பா கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். ரூபாய்க்கு ஒரு அணா நின்றது. குமாஸ்தா நாற்காலி வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்த சரக்கிலிருந்து ஊர்ப் பொட்டலங்களுக்குத் தனி ரசீது, எடைக்கு ஏற்ற கூலி அந்தந்த வீட்டாரிடமிருந்து. புளி ஒரு அணா தந்த இடத்தில் பொட்டலம் மூன்று அணா தந்தது. ஓட்டைத் தொந்திச் செட்டியார் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்தார். கடையைக் காப்பாற்றியது என் மனுதான் என்று நான் திடமாக நம்பினேன். பதில் வராததை ரயில்வேயின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதில் வரத்தான் செய்தது. அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்திருந்தார்கள். இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாதாம். மாமா அதை மடித்துக் கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்தார். அங்கே ஏற்கெனவே புளிக்கறை படிந்த ஒரு கார்டு கிடந்தது. என் கையெழுத்து. பெரியப்பா அதைப் பொம்மையோடு சேர்த்தே கட்டியிருக்கிறார். ஆக, மாமாவுக்கு ஹவுராவிலேயே தெரியும். பிறகு ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. எந்தச் செலவை யார் தலையில் எழுதக் கூடாது என்பதும் வியாபாரத்தில் ஒரு விதி என்று அறிய எனக்கு வெகு காலம் பிடித்தது.

வந்த அன்றே அந்தப் பதிலைப் படிக்க முடியவில்லை. புத்தகம், பேனா எல்லாம் பூஜையில் இருந்தன. எழுத்தைத் தொடக் கூடாது. கவர் ஒரு நாள் முழுக்க செட்டியாரின் காலடியில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அது வந்த தேதி, மனுப் போட்டு இரண்டு வருஷம் கழித்து, சரஸ்வதி பூஜை.