நிழலுக்குள் இருந்த முகம்

விடுப்பு முடிந்து வடக்கே பனிமலை எல்லைக் காவலுக்குத் திரும்பியபோது, என் கணவர் தன் லேப்டாப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதில் அவர் விளையாடிய கேம் ஒன்று இருந்தது. வாளோடு காடு மலை என்று அலைகிற கதை. எனக்குச் சண்டை வரவில்லை; முதல் ஓநாயிடமே செத்துப்போவேன். ஆனால் நம் விருப்பப்படி ஓர் ஆளை உருவாக்கி, ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, விளக்குகளை வைத்துப் படம் எடுக்க அதில் போட்டோ மோடு இருந்தது. ராஜபாளையத்தில் மில் ஆபீஸிலிருந்து வந்ததும், சாயங்காலங்களில் நான் அதற்குள்தான் இருந்தேன். அங்கே காற்று நின்றிருக்கும். விழுகிற இலை விழாமல் இருக்கும்.

என் ஆளை என்னைப்போலவே செய்தேன். அகன்ற நெற்றி, கொஞ்சம் தூக்கலான பல், என் கருப்பு. படம் எடுத்தால் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. பிரைட்னஸை ஏற்றினேன், முகம் சாம்பல் பூசியதுபோல் ஆனது. விளக்கை நேர் எதிரே வைத்தேன், மூக்கு காணாமல்போய் அப்பளமாகத் தட்டையானது. நிழலை அடியோடு எடுத்தபோது அது பொம்மை. எங்கள் கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான். ஸ்டூடியோக்காரர் என்னை வெளுக்க வைத்ததில் முகம் ஒருத்தியுடையது, கைகள் இன்னொருத்தியுடையவை.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் வீட்டுக்குப் போய், இருவருமாக அந்த ஊர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்றில் பெருமாளைப் பார்க்க ஏறினோம். பாதியில் மூச்சு வாங்கி அக்கா பாறையில் உட்கார்ந்தாள், நானும் எதிரே உட்கார்ந்தேன். அவள் என்னைவிடக் கருப்பு. காலை வெயில் ஒரு பக்கத்துக் கன்னத்தில் மட்டும் பட்டது. மறு கன்னம் நிழல். ஆனால் அந்த நிழலுக்குள்ளும் முகம் இருந்தது. தாடையின் அடியில், கண்குழியில், தேன் போல ஒரு மினுக்கம்.

“என்னட்டி, இப்படிப் பாக்க?”

“செத்த நேரம் அசையாம இருக்கா. ஒன் மூஞ்சில வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாக்கேன்.”

“வெயிலு மேலேருந்துதான வரும்?”

“இல்லக்கா, கீழேருந்தும் வருது. பாறையிலேருந்து.”

அக்கா பாறையைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் பார்த்தாள். “ஆமாட்டி,” என்று சிரித்தாள். கூட்டம் கோவிந்தா போட்டபடி எங்களைக் கடந்து மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

அன்று மாலை வீடு திரும்பி, என் ஆளைக் காட்டிலிருந்து வெளியே கூட்டிவந்து வெளிறிய பாறை ஒன்றில் உட்காரவைத்தேன். எதிர் விளக்கை அணைத்தேன். பக்கவாட்டில் ஒரு விளக்கு. தரையோடு தரையாக, மங்கிய மஞ்சளில் இன்னொன்று. நிழலை அழிக்காமல் அதன் ஓரத்தை மட்டும் மென்மையாக்கினேன். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதுபோல் முகம் வந்தது. முதலில் கன்ன எலும்பு, பிறகு உதடு. கருப்பு கருப்பாகவே இருந்தது, மினுங்கியது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படத்தை அவருக்கு அனுப்பினேன். அங்கே சிக்னல் நினைத்தால் வரும். ஒரு ஞாயிறு காலை போன் வந்தது.

“ஏட்டி, ஆல்பத்துலகூட நீ இப்படி இல்லையே. நேர்ல பாக்க மாதிரியே இருக்கு. என்னையும் ஒண்ணு செய்யேன்.”

“போகும்போது இருந்த மூஞ்சியா?”

“இல்ல, இப்ப இருக்கதையே செய்யி. பனியில மூக்கு உரிஞ்சுபோச்சு. கண்ணாடி போடுத எடம் மட்டும் வெளுப்பு. மத்ததெல்லாம் அடுப்புக்கரி.”

கேமில் துணைக்கு வரும் வீரனின் முகத்தை மாற்ற முடியும். அவர் சொன்னதை வைத்து அதைச் செய்தேன். செய்யச் செய்யத்தான் அவர் அங்கே எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்காமலே இருந்திருக்கிறேன். அந்த முகத்தை என் ஆளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் நிழல் என் தோளில் சாய்ந்து விழுந்தது. அதை நகர்த்தவில்லை.

இப்போது நான் எடுத்து அனுப்பிய அந்தப் படம்தான் அவர் போனின் முகப்பில் இருக்கிறது. கூட இருப்பவர்கள் இது எந்த ஊர் என்று கேட்டார்களாம்.

“என்ன சொன்னீக?”

“எங்க ஊருப் பக்கம்தான், லீவுல எடுத்ததுன்னு சொல்லிட்டேன்.”